ராக்கெட்டின் ஸ்டீயரிங்

மதியம் மணி 12.25.

மெக்கானிக் பூட்டைத் திறந்து ஷட்டரை மேலே தள்ளினார். வண்டி நிறுத்திய இடத்திலேயே இருந்தது. சக்கரம் நான்கும் இருந்தன. நொண்டியபடி இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டுகிறவர் உட்காரும் குழிக்குள், ஸ்டீயரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஷெட்டுக்காரர்கள்கூட ஓடி வந்தார்கள்.

பந்தய வண்டியில் ஸ்டீயரிங் என்பது கழற்றி மாட்டுகிற சாமான். அதைக் கழற்றினால்தான் ஓட்டுகிறவர் குழிக்குள் இறங்க முடியும். உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ள வேண்டும். கியர், பொத்தான், விளக்கு எல்லாம் அதிலேயே இருக்கும். காணாமல் போனது ஒருவன் கைக்கு அளவெடுத்துச் செய்தது. மாற்று ஸ்டீயரிங் போன பந்தயத்தில் வண்டி சுவரில் மோதியபோது நொறுங்கிவிட்டது. மூன்று மணிக்குப் பந்தயம். இரண்டரைக்கு வண்டி வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த ஒருவனை ராக்கெட் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் பாராட்டி வைத்த பெயர். பிறகு அதையே கிண்டலாக்கியவர்களும் அவர்கள்தான். பாட்டிலில் வைத்துக் கொளுத்தும் ராக்கெட் நேராக மேலேயும் போகும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ளும் போகும். இவனும் அப்படித்தான். எட்டு வருடப் பந்தய வாழ்க்கையில் ஏழு வெற்றி, பத்தொன்பது மோதல். முதல் இரண்டு வருடம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினான். மூன்றாம் வருடம் ஒரு முறை தலையில் பலமாக அடிபட்டது. அதற்குப் பிறகுதான் இந்தக் கிறுக்குத்தனம் வந்தது என்பார்கள். வேகம் மட்டும் குறையவே இல்லை. அவன் ஒரு சுற்றை முடிக்கும் நேரத்தைப் பார்த்து மற்ற ஓட்டுநர்கள் கடிகாரத்தைச் சந்தேகப்படுவார்கள். அடுத்த சுற்றில் அவனே எதையாவது இடித்துக்கொண்டு புல் தரையில் நிற்பான். ஆனால் இந்த வருடம் அதிர்ஷ்டமும் கூட வந்தது. இன்று முதல் மூன்று இடத்துக்குள் முடித்தால் ஆண்டுக் கோப்பை அவனுக்கு. வாழ்க்கையிலேயே முதல் முறையாக.

மணி 12.40.

கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்குள் நுழைந்தார். ஐம்பது வயதைத் தொடும் பெண்மணி. இரண்டு காதிலும் பஞ்சு. அவருக்குத் தெரிந்த ஒரே வண்டி அவருடைய ஸ்கூட்டர். அதையும் ஸ்டாண்ட் போட யாராவது உதவ வேண்டும்.

அணியின் முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மேடம், சுத்தி வளைக்க ஒண்ணுமில்ல. இந்த ஷட்டருக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட. பதினொன்றரையிலேருந்து நான் மாடியில விருந்தாளிங்களோட இருந்தேன், அம்பது பேரு பார்த்திருக்காங்க. இன்னொண்ணு இவர்கிட்ட."

இவர் என்று மெக்கானிக்கைக் காட்டினார்.

"அவர் ஏன் எடுக்கணும்?"

"அந்த முட்டியைப் பாருங்க. யார் உடைச்சதுன்னு கேளுங்க. ரெண்டு மணிக்குள்ள ஸ்டீயரிங் வரலைன்னா நான் எழுதிக் குடுக்கறேன், நீங்க அவரைக் கூட்டிட்டுப் போயிடுங்க. இந்தத் தொழில்ல இனிமே ஒரு நட்டு முடுக்கக்கூட எவனும் அவரைக் கூப்பிடமாட்டான்."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் முதலாளியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். வலது பக்கத்தில் தரையில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் நடுவில் பக்கம் பக்கமாக இரண்டு சாம்பல் நிறக் கறைகள். இரண்டும் தேய்த்து இழுத்த கறைகள். இடது பக்கத்தில் ஒரு தகரத் தட்டு கவிழ்ந்து, நட்டும் வாஷரும் சிதறிக் கிடந்தன.

"இந்தத் துணி என்ன, மிதியடியா?"

மெக்கானிக் சிரிக்கிற நிலையில் இல்லை. இருந்தும் உதடு லேசாக அசைந்தது. "கிட்டத்தட்ட அப்படித்தான் மேடம். ஓட்டறவங்க குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி ஷூ அடியைத் துடைச்சுக்குவாங்க. ஷூவில துளி எண்ணெய் இருந்தாக்கூட பிரேக் வழுக்கிடும். பந்தயத்துக்குன்னு புதுத் துணி விரிச்சுட்டுத்தான் பூட்டினேன்."

"அப்ப சுத்தமா இருந்துச்சா?"

"பொட்டி பிரிச்ச துணி. இப்பக் கூட்டத்துல எவனாவது மிதிச்சிருப்பான்."

"பூட்டினது எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு நாப்பது. டயர் சோதனைக்கு ஆபீசுக்குப் போனேன். திரும்பி வந்து திறந்தது பன்னெண்டு இருபத்தஞ்சு."

"சோதனைக்கு அவ்வளவு நேரமா?"

"வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடியும் பின்னாடியும் தெரிஞ்சவங்க இல்ல. சாட்சி கேட்டா இல்லைதான்."

"அந்தத் தட்டு?"

"அது எப்பவும் அங்கதான் இருக்கும். எடுத்தவன் எட்டி உதைச்சிருக்கான்."

"பின்னால ஒரு கதவு இருக்கே?"

"அது மாப்பிள்ளையோட உடை மாத்தற ரூமுக்குப் போற கதவு. தாழ்ப்பாள் இந்தப் பக்கம். எப்பவும் போட்டே இருக்கும்."

"இன்னைக்கு நீங்க பூட்டும்போது பார்த்தீங்களா?"

அவர் யோசித்தார். "பார்க்கல. அதை யாரு பார்ப்பாங்க? நான் கத்தினதும் மாப்பிள்ளை ஓடி வந்தார். நேரா அந்தக் கதவுகிட்டப் போய்ப் பார்த்துட்டு, தாழ்ப்பாள் போட்டபடியே இருக்குன்னார். அப்புறம்தான் முதலாளி என்னைப் பார்த்தார்."

"மாப்பிள்ளைன்னா ராக்கெட்டா?"

"என் தங்கச்சியைத்தான் கட்டியிருக்கார்."

இன்ஸ்பெக்டர் அவர் முழங்காலைப் பார்த்தார். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டாக வேண்டும்.

"அதுவும் அவர்தான். ரெண்டு வருஷம் ஆச்சு. அப்ப நானும் ஓட்டுவேன், ரெண்டு பேரும் ஒரே அணி. கடைசிச் சுற்று, இடது வளைவு. நான் உள்பக்கமா பக்கத்துல வந்துட்டேன். பாதி வண்டி தாண்டியாச்சு. அவர் என் மேலயே திருப்பிட்டார். விசாரிச்சவங்க என் தப்புன்னு எழுதிட்டாங்க, இடமில்லாத இடத்துல நுழைஞ்சேனாம். இப்ப உள்ள இரும்புத் தகடு. இந்தக் குழிக்குள்ள இறங்கணும்னா ரெண்டு முட்டியும் மடங்கணும் மேடம். எனக்கு ஒண்ணுதான் மடங்கும்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. நானும் கேட்கல. வண்டியைப் பத்தி மட்டும் பேசிக்குவோம்."

"அப்படிப்பட்டவர்கிட்டயே ஏன் வேலைக்கு வந்தீங்க?"

"வேற என்ன தெரியும் எனக்கு?" என்றார் மெக்கானிக். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இன்னைக்குக் காலையில பயிற்சி ஓட்டத்துலகூட நல்லாத்தான் ஓட்டினார். கடைசிச் சுற்றுல சட்டுன்னு வேகத்தைக் குறைச்சு உள்ள வந்துட்டார். என்ன ஆச்சுன்னு கேட்டேன். மூஞ்சி வெளுத்திருந்துச்சு. பதிலே இல்ல."

இன்ஸ்பெக்டர் சுவர் ஓரம் போனார். உதிரி சாமான் அலமாரி. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் கீழே சீட்டு ஒட்டியிருந்தது. முன் இடது: ஆறு. முன் வலது: இரண்டு.

"இதென்ன ஓரவஞ்சனை?"

"இடதுதான் அடிக்கடி உடையும். அனுபவத்துல வாங்கி வெச்சிருக்கேன்."

"எல்லா ஷெட்லயும் இப்படித்தானா?"

"மத்தவங்க சமமா வெச்சிருப்பாங்க. அவங்க வண்டி இந்த அளவுக்கு உடையாதே."

மணி 1.05.

உடை மாற்றும் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ராக்கெட்டின் மனைவி அதில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்து, வார்ப்பட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணே முக்காலுக்கு உள்ள போனார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு இருக்கேன், யாரையும் விடாதேன்னார். அண்ணன் கத்தற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகரல."

"யாராவது உள்ள போனாங்களா?"

"ஈ காக்கா போகல."

"அவர் வெளிய வந்தாரா?"

"அண்ணன் சத்தம் கேட்டதும்தான். என்னைத் தாண்டி முன்பக்கமா ஓடினார்." அவள் குரல் தழைந்தது. "மேடம், எங்க அண்ணன் எடுக்கமாட்டார். என் புருஷன் மேல எவ்வளவு கோபம் இருந்தாலும் வண்டி மேல அவருக்குக் கோபம் வராது."

"நீங்க ரெண்டு பேரும் பந்தயம் முடிஞ்சதும் எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

அவளுக்குக் கேள்வி விசித்திரமாகப் பட்டது. "கார்ல."

"அவர் ஓட்டினா அரை மணியில போயிடலாம், இல்லையா?"

"நீங்க வேற. ரோட்டுல நான்தான் ஓட்டறேன். ரெண்டு மூணு வருஷமா கார்ச் சாவியைத் தொடறதே இல்ல. ரோடு போரடிக்குதாம். ஊருக்கெல்லாம் ராக்கெட், எனக்கு மட்டும் பக்கத்து சீட்டுல தூங்கற சவாரி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மணி 1.15.

அறைக்குள் ராக்கெட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பந்தய உடை இடுப்பு வரை இறக்கி விடப்பட்டிருந்தது. காலடியில் ஹெல்மெட் பை. முப்பத்துநான்கு வயது; புகைப்படங்களில் பார்த்ததைவிடச் சின்னவனாகத் தெரிந்தான்.

வாசலருகே மேஜையில் தண்ணீர் ஜாடி இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு தம்ளரில் ஊற்றி, அவனுக்கு இடப் பக்கமாக நின்று ஒன்றும் பேசாமல் நீட்டினார். அவன் திரும்பவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்த முதலாளி, "பார்த்தீங்களா தலைக்கனத்தை? பெரிய பெரிய ஆளுங்க கை நீட்டினாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான்" என்று முணுமுணுத்தார்.

இன்ஸ்பெக்டர் சுற்றிக்கொண்டு வலப் பக்கம் வந்து நீட்டினார்.

"அடடா, நன்றி மேடம்," என்று அவன் உடனே எழுந்து வாங்கிக்கொண்டான்.

"எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தூங்கிட்டேன்."

"சத்தம் எதுவும் கேட்கலையா? கதவுக்கு அந்தப் பக்கம் ஷெட்ல நட்டு கொட்டியிருக்கு."

"இந்த இடத்துல எந்நேரமும் ஏதாவது கொட்டும்."

"உங்க மச்சான்தான் எடுத்தார்னு முதலாளி சொல்றார்."

தம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "மச்சானா? அவர் அப்படிச் செய்யமாட்டார்."

"பூட்டு திறக்கப்படல. சாவி அவர்கிட்ட. பின்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. வேற யார்?"

அவன் தம்ளரைப் பெஞ்சில் வைத்தான். "அவரை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"புகார் வந்தா ஸ்டேஷன்தான்."

"பந்தயம்?"

"ஸ்டீயரிங் கிடைச்சா நீங்க ஓட்டலாம். கிடைக்கட்டும்னு வேண்டிக்கிறீங்களா?"

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து பஞ்சைக் காதிலிருந்து எடுத்தார். யோசிக்கும்போது அவருக்குச் சத்தம் வேண்டும்.

மணி 1.50.

ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். உள்ளே நால்வர்: முதலாளி, மெக்கானிக், ராக்கெட், அவன் மனைவி. ஹெல்மெட் பையைக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் அது ராக்கெட்டின் கையில் இருந்தது.

"எனக்கு வண்டி தெரியாது," என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர். "வீடு தெரியும். வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி காலைத் துடைக்கிறவன் திருடன் இல்ல, அந்த வீட்டு ஆளு. அந்தத் துணியைப் பாருங்க. யாரும் தெரியாம மிதிச்ச தடம் இல்ல அது. ஒருத்தர் நின்னு நிதானமா ரெண்டு காலையும் தேய்ச்சிருக்கார். ஏன்? குழிக்குள்ள இறங்கறதுக்காக. ஸ்டீயரிங்கை மட்டும் எடுக்கணும்னா உள்ள இறங்கவே வேண்டாம். வெளிய நின்னு கையை விட்டு உருவிடலாம். இவர் தினமும் அப்படித்தான் கழட்டறார்."

மெக்கானிக் தலையசைத்தார்.

"அப்ப எடுத்தவர் வண்டி ஓட்டறவர். காலைத் துடைக்கிறது அவருக்குப் பழகிப்போன விஷயம், துடைச்சதே அவருக்கு ஞாபகம் இருக்காது. மெக்கானிக்கும் ஒரு காலத்துல ஓட்டினவர்தான். ஆனா அவர் முட்டி மடங்காது, உள்ள இறங்க முடியாது. சரி, ஓட்டறவர் எப்படி உள்ள வந்தார்? ஷட்டர் பூட்டியிருக்கு. பின்கதவு ஒண்ணுதான் வழி. தாழ்ப்பாள் போட்டிருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னீங்க. யார் பார்த்தது?"

மனைவி மெதுவாகக் கணவனைப் பார்த்தாள்.

"ஒருத்தர்தான் பார்த்தார். முதல்ல ஓடிப்போய்த் தொட்டவர். அந்தத் தாழ்ப்பாள் காலையிலேயே திறந்து வெச்சது. தொட்டுப் பார்க்கிற மாதிரி அப்பத்தான் போட்டார். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரூம்ல ஒருத்தர்தான் இருந்தார். வாசல்ல ஈ காக்கா போகலைன்னு அவர் மனைவியே சொல்றாங்க. தம்பி, பையைத் திற."

ராக்கெட் பையைத் திறக்கவில்லை. வண்டியின் மேல் வைத்தான். மெக்கானிக்தான் ஜிப்பை இழுத்தார். ஹெல்மெட்டுக்குக் கீழே, துண்டில் சுற்றி, ஸ்டீயரிங் இருந்தது. பறிகொடுத்தவன் பையை யாருக்குச் சோதிக்கத் தோன்றும்?

"பைத்தியமாடா உனக்கு?" முதலாளி கத்தினார். "கோப்பை கையில வந்து நிக்குது! மாட்டுங்க அதை. இன்னும் நேரமிருக்கு."

"மாட்டாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் அலமாரியைக் காட்டினார். "இடது ஆறு, வலது ரெண்டு. வண்டிக்கு இடது பக்கம் அதிர்ஷ்டம் சரியில்லைன்னு நினைச்சு வாங்கி அடுக்கியிருக்கீங்க. இன்னைக்கு அந்த நட்டுத் தட்டும் இடது பக்கம்தான் கவிழ்ந்துச்சு, தினம் அதே இடத்துல இருக்கிற தட்டு. நான் இடது பக்கம் தண்ணி நீட்டினா அவருக்குத் தெரியல. இந்த நாட்டுலயே வேகமான ஆளு, சாதாரண ரோட்டுல கார் ஓட்டறதில்ல. எதிர்ல வர்ற வண்டி, பக்கத்துல வர்ற சைக்கிள், தெருவைக் கடக்கற குழந்தை. பயம். எத்தனை வருஷமா தம்பி?"

ராக்கெட் உட்கார இடம் தேடினான். ஒரு டயரின் மேல் உட்கார்ந்தான்.

"அந்த மூணாவது வருஷ அடியிலேருந்து," என்றான். "மொதல்ல ஓரம் மட்டும் மங்கலா இருந்துச்சு. இப்ப இடது கண்ணுல வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். டாக்டர் படிக்கச் சொல்ற எழுத்து அட்டையை மனப்பாடம் பண்ணிட்டேன். வருஷா வருஷம் ஒரே அட்டை."

"சொல்லியிருக்கலாமேடா," என்றார் முதலாளி. அவர் குரலில் வேகம் போயிருந்தது.

"சொன்னா? என்னைக் கிறுக்கன்னாங்க, திமிர் பிடிச்சவன்னாங்க. கிறுக்கனுக்கு வண்டியில சீட்டு குடுப்பாங்க சார். நீங்களே குடுத்தீங்க. கண்ணு தெரியாதவனுக்கு யார் குடுப்பா? அதனால கிறுக்கனாவே இருந்துட்டேன்."

வெளியே ஒரு வண்டி இஞ்சினை முடுக்கிப் பார்த்தது. அது அடங்கும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இன்னைக்கு என்ன ஆச்சு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"காலையில கடைசிச் சுற்று. இடது வளைவுல தடத்தோரம் கொடி காட்டற பொண்ணு ஒண்ணு கீழ விழுந்த தகரத்தைப் பொறுக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. தாண்டினதுக்கு அப்புறம் கண்ணாடியில பார்க்கிறேன், அந்தப் பொண்ணு தரையில உட்கார்ந்து நெஞ்சைப் பிடிச்சுட்டிருக்கு. ஒரு சாண் மேடம். ஒரு சாண்தான் இருந்திருக்கும்." அவன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தான். "இனிமே ஓட்டறதில்லைன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஆனா ஏன்னு கேட்பாங்க. சொன்னா, எல்லாரும் பழைய கணக்கைத் திருப்பிப் பார்ப்பாங்க. மச்சானோட கால் ஞாபகம் வரும். அதான், காணாமப் போச்சுன்னா யாரும் எதுவும் கேட்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்குக் குழிக்குள்ள இறங்கினே?" மனைவி கேட்டாள். ஷட்டர் இறங்கிய பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். மற்றவர் முன்னால் அவனை ஒருமையில் பேசியதை அவளே கவனிக்கவில்லை.

"சும்மா உட்கார்ந்து பார்த்தேன். இனிமே உட்கார முடியாதே."

கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம்கூட வரவில்லை. இதை அவன் மனைவி முன்னால் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. சொல்லியாகிவிட்டது.

ராக்கெட் எழுந்து மெக்கானிக்கின் எதிரில் வந்து நின்றான். "மச்சான், தாழ்ப்பாளைப் போட்டப்ப என்னைக் காப்பாத்திக்கணும்னு மட்டும்தான் தோணிச்சு. அதனால உங்க தலை உருளும்னு யோசிக்கவே இல்ல. சத்தியமா யோசிக்கல."

"அந்த வளைவுல?"

"உங்களைப் பார்க்கல. நீங்க பக்கத்துல இருந்ததே தெரியாது. சத்தம் கேட்டுத்தான் தெரியும்."

மெக்கானிக் அவனைப் பார்த்துப் பேசினார். அதட்டவில்லை, சத்தம் உயரவே இல்லை.

"ரெண்டு வருஷமா நீ வேணும்னுதான் இடிச்சேன்னு நெனச்சுட்டிருந்தேன். பொறாமைன்னு நெனச்சேன். பொறாமை எனக்கும் உண்டு, நீ ஓட்டறதைப் பார்த்து ராத்திரி தூக்கம் வராம கிடந்திருக்கேன். அதனால, போகட்டும், கடைசிச் சுற்றுல யாருக்கும் புத்தி கெடும்னு உன்னை மன்னிச்சுட்டேன். மன்னிச்சதாலதான் உன் வண்டிக்கு நட்டு முடுக்க வந்தேன்." அவர் அலமாரியைப் பார்த்தார். "கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சே, பக்கத்துல நான் ஓட்டறேன்னு தெரிஞ்சே, ஒவ்வொரு பந்தயத்துக்கும் வந்து உட்கார்ந்தியே. அதை எப்படி மன்னிக்கறதுன்னு எனக்குத் தெரியலடா. நானும் என்ன பெரிய மெக்கானிக்? ஆறு இடது கையை என் கையாலதான் அங்க மாட்டினேன். ஏன் இடது மட்டும்னு ஒரு நாள் கேட்டிருந்தா இன்னைக்கு அந்தப் பொண்ணு நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்காது."

ராக்கெட் அழுதான். முகத்தை மூடிக்கொள்ளாமல், நின்ற இடத்திலேயே அழுதான். மனைவி அவன் அருகில் போகவில்லை. அண்ணன் அருகிலும் போகவில்லை.

மணி 2.35.

வண்டிகள் வரிசையில் நின்றன. ஓர் இடம் மட்டும் காலி. முதலாளி புகார் எழுதவில்லை. அதற்குப் பதிலாக மாடிக்கு ஓடினார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. இயந்திரக் கோளாறு காரணமாக ராக்கெட் இன்றைய பந்தயத்திலிருந்து விலகுகிறார் என்று அறிவிப்பாளர் சொன்னார். கூட்டம் ஊளையிட்டது.

ஷெட்டில் இன்ஸ்பெக்டரும் மெக்கானிக்கும் மட்டும் இருந்தார்கள். ராக்கெட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. எங்கே போகிறான் என்று அவன் சொல்லவில்லை. மனைவி மட்டும் பின்னாலேயே போயிருந்தாள்.

"ஆக, இதுவும் மூடி மறைச்சாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது. யாரோ மைக்கைப் பிடுங்குவது போலச் சத்தம். பிறகு ராக்கெட்டின் குரல். மூச்சிரைத்தது, படி ஏறி ஓடியிருக்க வேண்டும்.

"வண்டியில கோளாறு எதுவுமில்ல. என் மச்சான் பார்த்துக்கிற வண்டியில என்னைக்குமே கோளாறு இருந்ததில்ல. எனக்கு இடது கண்ணு தெரியாது. அஞ்சாறு வருஷமா மறைச்சுட்டேன்." கூட்டம் அடங்கியது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கடைசிச் சுற்றுல என் மச்சான் தப்புப் பண்ணினார்னு எழுதி வெச்சிருக்கீங்க. அதை மாத்தி எழுதுங்க. அவருக்கு இடம் இருந்துச்சு. அவர் சரியாத்தான் வந்தார். ஜெயிக்க வேண்டியவர் அவர்தான். நான் பார்க்கல. அந்தப் பந்தயம் அவரோடது."

மைக் அணைந்தது.

மெக்கானிக் வண்டியின் பக்கவாட்டில் கையை ஊன்றி நின்றிருந்தார். கண்ணில் நீர் வழிந்து தாடையில் நின்றது. துடைக்கவில்லை.

"ரெண்டு வருஷம் லேட்டு," என்றார்.

மூன்று மணிக்கு வெளியே கொடி இறங்கியது. இருபது இஞ்சின்கள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு கிளம்பின. தகரக் கூரை அதிர்ந்தது. சத்தம் முதல் வளைவைத் தாண்டித் தூரத்தில் தேயும் வரை இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"அவர்கிட்டப் போகலையா?"

"போவேன் மேடம்," என்றார் மெக்கானிக். "இன்னைக்கு இல்ல."